ஏர்கோனுக்கு ஆமீன்

தங்கா பத்து, மலாக்கா, மலேசியா
9 நவம்பர் 2024

அன்புத் தம்பி நைனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மச்சானும் பிள்ளைகளும் சுகம். உம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதை வானிலை அறிக்கைக்கு முன்பே சொல்லிவிடுகிறது. கப்பலில் உன் வயிறு எப்படி இருக்கிறது? சமையல்காரனிடம் கேட்கக் கூடாத கேள்விதான், இருந்தாலும் அக்கா கேட்கத்தானே வேண்டும்.

குடும்ப வாட்ஸாப் குழுவில் போடாமல் மின்னஞ்சலில் கடிதமாக எழுதக் காரணம் உண்டு. அந்தக் குழுவின் அட்மின் வாப்பாவின் தம்பி, நம் தாஜுதீன் சாச்சா. விஷயமும் அவரைப் பற்றியது. அவர் துண்டு துண்டாகச் சொல்லக்கூடிய மனிதரும் அல்ல, உட்கார்ந்து எழுத வேண்டியவர்.

சாச்சா நம் சூராவின், அந்தச் சின்னத் தொழுகைக்கூடத்தின், தலைவராகிவிட்டார். எதிர்த்து நிற்க ஆளில்லை, ஏனென்றால் கூட்டம் நடந்தது அவருடைய ரெஸ்டோரனில், சாப்பாட்டுக்குப் பிறகு. தலைவரானதும் முதல் அறிவிப்பு: "இனிமே நம்ம சூராவுல தீன் விஷயத்த தீனோட மொழியிலதான் பேசணும்." அதாவது மார்க்க வார்த்தையெல்லாம் அரபியில். அதன்படி தொழுகையை 'ஸலாத்' என்றும் நோன்பை 'ஸவ்ம்' என்றும் பள்ளிவாசலை 'மஸ்ஜித்' என்றும் சொல்ல வேண்டும். நோன்புக் கஞ்சிக்கு அரபியில் பெயர் தேடிக்கொண்டிருக்கிறார். அரபு நாட்டில் நம் கஞ்சி இல்லாததால் பெயர் கிடைக்கத் தாமதமாகிறது.

அவருக்கு அரபி தெரியும் என்பதில் ஊருக்குச் சந்தேகமில்லை. சவூதியின் தமாமில் பதினோரு வருடம் சூப்பர் மார்க்கெட் கிடங்கில் இருந்தவர். நான் கல்லூரியில் நான்கு வருடம் அரபி படித்ததைச் சொன்னேன். "உன்னது புத்தக அரபி, புள்ள. என்னது உயிருள்ள அரபி" என்றார்.

கவலை இதுதான். சனிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு நான் பெண்களுக்கு நடத்தும் குர்ஆன் பொருள் வகுப்பு தமிழில் நடப்பதால், வரும் ரமலானோடு அதை மூடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. அங்கே வரும் ஹாஜரா உனக்குத் தெரியும், கடையில் பரோட்டா போல ரொட்டிச்சானாய் வீசும் யாசீனின் மனைவி. பல வருடமாக ஓதிக்கொண்டிருந்த ஒரு குர்ஆன் அத்தியாயத்தின் அர்த்தத்தை முதல் தடவை கேட்ட அன்று, "இதையா லாத்தா நான் இத்தன நாளும் சொல்லிக்கிட்டு இருந்தேன்?" என்று அழுதவள். அவளிடம் வகுப்பு இல்லை என்று எந்த மொழியில் சொல்வது?

துஆவில் மறக்காதே.
உன் லாத்தா,
ஜைத்தூன்

●

இஸ்தான்புல் துறைமுகம்
27 நவம்பர் 2024

அன்பு லாத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். வயிறு நலம். கேப்டன் கிரேக்கர், என் காரச் சம்பாலுக்குப் பழகிவிட்டார். உம்மாவின் முழங்காலுக்கு என் ஸலாம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கரையிறங்கி லுஹர் தொழப் போனேன். பக்கத்தில் தொழுத கிழவர் மீன் கூடைக்காரர். ஆங்கிலமும் சைகையுமாக விசாரித்தேன். இவர்கள் தொழுகையை 'நமாஸ்' என்கிறார்கள், நோன்பை 'ஓருச்' என்கிறார்கள், தொழுமுன் கை கால் கழுவும் ஒளுவை 'அப்தெஸ்த்' என்கிறார்கள். அதற்குப் பாரசீகத்தில் 'கைத்தண்ணீர்' என்று பொருளாம். ஒன்றுகூட அரபி இல்லை. அறுநூறு வருடம் கலீபாவும் சுல்தானுமாக ஆண்டவர்கள் நம் சாச்சாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கப்பலிலேயே பார். என் உதவியாளன் சுராபாயா பையன், நோன்பை 'புவாசா' என்கிறான். எஞ்சின் அறை வங்காளி 'ரோஜா' என்கிறான். நோன்பு திறக்கும் மணி வந்ததும் எல்லாரும் ஒரே பேரீச்சம்பழத்தைத்தான் வாயில் போடுகிறோம். தொழ நின்றுவிட்டால் எல்லாருக்கும் அரபிதான். அதில் ஒருத்தருக்கும் சண்டையில்லை. சலாம் கொடுத்துத் திரும்பியதும் அவரவர் வீட்டு மொழி. உலக முஸ்லிம்களில் அரபியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான் என்று கப்பல் டாக்டர் சொல்கிறார். மீதி நாலு பங்கையும் சாச்சா ஒரே ரமலானில் திருத்தப் போகிறாரா?

ஹாஜராவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே.

துஆ ஸலாமுடன்,
நைனா

●

தங்கா பத்து
8 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். எல்லாரும் சுகம். உம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே உன் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள். கேப்டனுக்கு உறைப்பைக் குறை.

நேற்று நிர்வாகக் கூட்டம். பெண்கள் சார்பில் நான் போனேன். 'நோன்பு' என்பது இந்துக்களும் சொல்லும் வார்த்தை, அதனால் ஆகாது என்றார் சாச்சா. "மலாய்க்காரங்க சொல்ற புவாசா ஆகுமா சாச்சா?" என்று கேட்டேன். "அது மலாயி. மலாயி பரவாயில்ல லா" என்றார். புவாசா என்பது உபவாசம் என்றேன். சொர்க்கத்துக்கு 'ஷூர்கா', நரகத்துக்கு 'நெராகா', மதத்துக்கே 'அகாமா', அது ஆகமம் என்றும் சொன்னேன். யாரோ இருமினார். சாச்சா கடிகாரத்தைப் பார்த்து, "மஃரிபுக்கு நேரமாச்சு" என்று கூட்டத்தை முடித்தார். மஃரிபு தொழுவது சூரியன் மறைந்த பிறகு, அப்போதோ வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து ஊர் பத்து பெரண்டாமில் பேனர் அடிக்கும் தேவமலர் எனக்குத் தோழி. அவளிடம்தான் சாச்சா ரமலான் பேனருக்குச் சொல்லியிருக்கிறார். மாதிரியைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். "என்னக்கா, இந்த வருஷம் கஞ்சி இல்லையா? என்னமோ 'ஷூர்பத்துஸ் ஸியாம்'னு போடச் சொல்றாரு உங்க சாச்சா. நான் சயாம் சூப்புன்னு நெனச்சுட்டேன். வருஷா வருஷம் தூக்கு எடுத்துக்கிட்டு வர்ற எங்க வீட்டுக்காரரு என்னன்னு கேட்டு வாங்குவாரு?" என்றாள். நாமும் என்னவென்று கேட்டு வாங்குவோம் என்று எனக்கும் தெரியவில்லை.

இன்னொரு விஷயம். சூராவில் மிம்பர் மேடைக்கு மேலே அறையைக் குளிர்விக்கும் ஏர்கோன் ஒழுகுகிறது. சொன்னேன். அரபு எழுத்துப் பலகை முதலில், ஏர்கோன் பிறகு என்று தீர்ப்பாகிவிட்டது.

உன்,
லாத்தா

●

மலாக்கா
15 டிசம்பர் 2024

அல்அகுல் கரீம், இப்னு அகீ நைனா முகம்மதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு. அன தமாம். அந்த கேஃப்? (நான் நலம். நீ எப்படி?)

நீ ஜித்தா போவதாக உன் உம்மா சொன்னார்கள். ரமலானுக்கு முன் நம் சூராவுக்கு ஒரு பெரிய மார்க்க அறிஞர், ஷேக் ஒருவர், வந்து அரபியில் பயான் உரை செய்ய வேண்டும். மொழிபெயர்ப்பு நானே. அத்தோடு தமிழ் வகுப்பு முதலான பழைய வழக்கங்களை முறையாக முடித்து வைக்கலாம் என்று நினைக்கிறேன். உன் லாத்தாவுக்கு வருத்தம் இருக்கக்கூடும். நல்லதைச் செய்யும்போது வருத்தம் வரத்தான் செய்யும்.

அரபி தெரிந்த, நன்றாகப் பேசக்கூடிய ஆளாகப் பார். மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்லை.

சாச்சா,
அல்ஹாஜ் தாஜுதீன்

●

ஜித்தா
4 ஜனவரி 2025

மரியாதைக்குரிய சாச்சாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். சாச்சியிடம் சொல்லிப் பாயசத்தை நிறுத்துங்கள்.

நீங்கள் கேட்டபடியே ஒருவர் கிடைத்துவிட்டார். துறைமுகத்துத் தொழுகை அறையில் பழக்கமானவர். பெயர் ஷேக் மாலிக். கெய்ரோவில் பத்து வருடம் படித்தவர். பிப்ரவரியில் கோலாலம்பூருக்கு ஒரு மாநாட்டுக்கு வருகிறார், மலாக்காவுக்கு ஒரு நாள் வரச் சம்மதித்திருக்கிறார். அவருடைய அரபியைக் கேட்டு இங்குள்ள அரபிகளே வாயைப் பிளக்கிறார்கள். ஆங்கிலம் வராது, மலாயும் வராது. ஆகவே மொழிபெயர்ப்பு முழுவதும் உங்கள் பொறுப்பு.

உங்கள் மகன் போன்ற,
நைனா

●

தங்கா பத்து
19 ஜனவரி 2025

நைனாவுக்கு,

ஸலாம். சுகம்.

நீ என் தம்பிதானா? சாச்சா உன் கடிதத்தைக் குழுவில் போட்டிருக்கிறார், முன்னும் பின்னும் பள்ளிவாசல் படத்தோடு. பிப்ரவரி 15 ஷேக் வருகை, அன்றே என் வகுப்புக்கு நிறைவு விழா. எனக்கு ஒரு பொன்னாடையாம்.

ஹாஜராவுக்கும் தெரிந்துவிட்டது. "அப்ப குர்ஆன்ல மிச்ச சூராவெல்லாம் அர்த்தம் தெரியாமலே மௌத்தாயிடுவேனா லாத்தா?" என்று மட்டும் கேட்டாள். மீதமிருக்கும் சனிக்கிழமைகளில் முடிந்தவரை நடத்துகிறேன். வார்த்தை வார்த்தையாக எழுதிப் போடுகிறேன்: மாஉ, தண்ணீர். ரஃஸ், தலை. ஸக்ஃப், கூரை. நஸல, இறங்கினான், யன்ஸிலு, இறங்குகிறான். அரிசி களையும்போதும் சொல்லிப் பார்க்கிறார்களாம்.

ஆள் தேடிக் கொடுத்ததற்கு நன்றி.

ஜைத்தூன்

●

செங்கடலில், கப்பலிலிருந்து
30 ஜனவரி 2025

லாத்தா,

ஸலாம். உன் கடிதத்தில் உம்மாவின் முழங்கால் இல்லை. கோபம் புரிகிறது.

ஒன்று மட்டும் செய். அன்று உன் மாணவிகள் எல்லாரையும் பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னால் முன்வரிசையில் உட்கார வை. நன்றாகக் காது கொடுத்துக் கேட்கச் சொல். வேறெதுவும் இப்போது சொல்ல முடியவில்லை, இணையம் போகப் போகிறது.

நைனா

●

தங்கா பத்து
17 பிப்ரவரி 2025

என் அருமைத் தம்பி, கப்பலின் ஒளிவிளக்கே, நைனாவுக்கு,

உன் மீதும் உன் சட்டி பானைகள் மீதும் ஸலாம் உண்டாகட்டும். உம்மாவின் முழங்கால் பிரமாதமாக இருக்கிறது. சனிக்கிழமை இரவு அதே காலோடு எழுந்து எனக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்தார்கள்.

வரிசையாகச் சொல்கிறேன். சூராவ் நிரம்பி வாசலில் தார்ப்பாய் கட்டியிருந்தது. தஞ்சோங் கிளிங்கிலிருந்துகூட ஆள் வந்திருந்தார்கள். ஷேக் வந்து இறங்கியதும் சாச்சா கையைப் பிடித்துக்கொண்டு தமாம் அரபியில் வரவேற்றார்: "அந்த அஜி, அன ஃபர்ஹான், குல்லு நஃபர் ஃபர்ஹான், மாஃபி முஷ்கில்!" நீ வா, நான் சந்தோஷம், எல்லா ஆளும் சந்தோஷம் என்கிறாராம். ஷேக் மரியாதையாகக் கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் தணிந்த குரலில் அரபியில் ஒன்று கேட்டார். அவருக்குப் புரியவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. 'இவர் பேசுவது தமிழா?' என்றார்.

பிறகு பயான். திரை இடுக்கில் எனக்கு மேடை தெரிந்தது. ஷேக் முதலில் ஓதியது குர்ஆனில் இப்ராஹீம் அத்தியாயத்தின் நான்காவது வசனம்: எந்தத் தூதரையும் அவருடைய சமுதாயத்தின் மொழியிலேயே அன்றி நாம் அனுப்பவில்லை, அவர்களுக்கு அவர் விளக்கிச் சொல்வதற்காக. சாச்சா ஒலிவாங்கியைப் பிடித்து, "எல்லாரும் அரபி படிக்கணும்னு ஷேக் கட்டளையிடுறாங்க" என்றார். திரைக்குப் பின்னால் ஒரு சலசலப்பு. அந்த வசனத்தை நாங்கள் போன மாதம்தான் படித்தோம். ஹாஜரா என் முழங்கையைக் கிள்ளினாள். பேசாதே என்று கண் காட்டினேன்.

அப்போதுதான் ஏர்கோன் தன் வேலையைத் தொடங்கியது.

ஷேக்கின் தலைப்பாகையில் ஒரு சொட்டு. மேலே பார்த்தார். இன்னொரு சொட்டு. கையை மேலே உயர்த்திக் காட்டி, "அல்மாஉ யன்ஸிலு அலா ரஃஸீ மினஸ் ஸக்ஃப்" என்றார். கை உயர்ந்துவிட்டது, வார்த்தை அரபி. சபை முழுவதும் கையேந்தி "ஆமீன்" என்றது.

சாச்சா மொழிபெயர்த்தார்: "அல்லாவோட ரஹ்மத், அருள் மழையா எறங்கட்டும்னு துஆ செய்றாங்க!"

ஷேக் திகைத்துப் போய் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார். இன்னும் சத்தமாக ஆமீன். யாசீன் தேம்பி அழுததாக ஹாஜரா பிறகு சொன்னாள். ஷேக் எழுந்து நாற்காலியை ஓரமாகத் தள்ளிப் போட்டார். சாச்சா அதைப் பணிவு என்று நினைத்து, இரண்டு கையாலும் தூக்கி, மரியாதையோடு பழைய இடத்திலேயே, ஏர்கோனுக்கு நேர் கீழே வைத்து, அவரை உட்காரவும் வைத்தார். ஷேக் மூன்றாம் முறை சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது. அந்த ஆமீன் கடற்கரைவரை கேட்டிருக்கும்.

ஹாஜரா எழுந்து நின்றாள். சந்தையில் சில்லறை குறைந்தால்கூடத் திருப்பிக் கேட்காத ஹாஜரா.

"யா அல்லா, ஆமீன் சொல்றத நிறுத்துங்களேன்! கூரையிலேர்ந்து தலையில தண்ணி எறங்குதுன்னு அந்த மனுஷன் மூணு வாட்டி சொல்லிட்டாரு! ஏர்கோன் ஒழுகுது! யாராச்சும் பால்டி எடுத்துட்டு வாங்க!"

நைனா, அப்படி ஒரு அமைதியை அந்த சூராவ் எந்தத் தொழுகையிலும் கண்டதில்லை. சொட்டு விழும் சத்தம் மட்டும் ஒலிவாங்கியில் கேட்டது. பிறகு வாளி வந்தது. நாற்காலி நகர்ந்தது. ஷேக் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்த்து அரபியில் கேட்டார்: புரிந்துகொண்டது யார்? அரபியை எங்கே படித்தீர்கள்?

நான் பதில் சொன்னேன். இங்கேதான், சனிக்கிழமைகளில், தமிழில் படித்தோம் என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் தலைப்பாகையிலிருந்து மீதித் தண்ணீரும் கொட்டியது. தான் அரபியே அல்ல என்றார். செனகல்காரராம், வீட்டில் வோலோஃப் மொழியாம். அவருடைய ஊரில் நோன்புக்கு 'கோர்' என்று பெயராம், தொழுகைக்கு 'ஜுல்லி'யாம். குர்ஆனின் பொருளை அவருக்கு முதலில் வோலோஃபில் சொல்லிக் கொடுத்தது அவருடைய தாயாராம். இதை நான் திரைக்குப் பின்னாலிருந்து தமிழில் சொல்லச் சொல்ல, சாச்சாவின் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க முடியாதது பெரிய குறை, திரை இடுக்கில் அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

மீதி பயான் முழுவதற்கும் மொழிபெயர்ப்பு நான். கேள்வி நேரத்தில் அந்த முதல் வசனத்தின் பொருளை ஹாஜரா தமிழில் சொன்னாள், நான் அதை அரபியாக்கினேன், ஷேக் 'சரி' என்றார். ஆண்கள் பக்கத்தில் இந்த முறை யாரும் ஆமீன் சொல்லவில்லை. புரிந்துவிட்டது போலிருக்கிறது.

புறப்படும்போது ஷேக் சாச்சாவின் தோளைத் தொட்டு ஒரு வாக்கியம் சொன்னார், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. சாச்சா ஒலிவாங்கியை எடுத்தார். "இந்த வகுப்ப மூடாதீங்கன்னு ஷேக் சொல்றாங்க" என்றார். "மூடல."

அன்று மாலை முழுவதிலும் அதை மட்டும் சரியாக மொழிபெயர்த்தார். திரைக்குப் பின்னாலிருந்து நாங்கள் எல்லாரும் ஆமீன் சொன்னோம்.

ஒரு கேள்வி. ஷேக் செனகல்காரர் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா?

பொன்னாடை போர்த்தப்படாத,
உன் லாத்தா

●

டக்கார், செனகல்
3 மார்ச் 2025

அன்பு லாத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். ரமலான் வாழ்த்துகள். கடிதத்தைக் கேப்டனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்த ஏர்கோனின் கம்பெனிப் பெயர் கேட்கிறார்.

சாச்சா கேட்டது அரபி தெரிந்த ஆள். அரபி ஆள் என்று அவர் கேட்கவேயில்லையே. அரபி தெரிந்த எங்கள் கப்பல் டாக்டர் மூலம் ஷேக்கிடம் உன் வகுப்பைப் பற்றிச் சொன்னது உண்மை. வசனத்தை அவரே தேர்ந்தெடுத்தார். தண்ணீருக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

இங்கே ஷேக்கின் தாயாரைப் பார்த்துவிட்டு வந்தேன். நோன்பு திறக்க என்னிடம் ஒரு கிண்ணம் நீட்டினார். தினைக் கஞ்சி, லாத்தா. பெயர் கேட்டேன், வோலோஃபில் ஏதோ சொன்னார். எனக்குக் கஞ்சி என்றே கேட்டது.

துஆவுடன்,
நைனா

●

மலாக்கா
6 ஏப்ரல் 2025

அன்பு மகன் நைனாவுக்கு,

ஸலாம். நலம், நலமறிய ஆவல். பெருநாள் நல்லபடி முடிந்தது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சாச்சி பாயசத்தை நிறுத்திவிட்டாள், உன் கடிதத்தைக் காட்டியே நிறுத்தினாள்.

நோன்பு முழுவதும் கஞ்சிக்குக் கூட்டம் அதிகம். தேவமலர் பேனரைப் புதிதாக அடித்துக் கொடுத்தாள், 'நோன்புக் கஞ்சி' என்று கொட்டை எழுத்தில். அவள் வீட்டுக்காரர் இரண்டு தூக்கோடு வந்தார். குடும்பக் குழுவின் அட்மின் பொறுப்பை உன் லாத்தாவிடம் கொடுத்துவிட்டேன், எனக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை.

ஒரு சின்ன உதவி. அடுத்த முறை ஜித்தா போகும்போது சிறு பிள்ளைகள் படிக்கிற அரபிப் பாடப் புத்தகம் ஒன்று வாங்கி வா. படம் பெரிதாக இருந்தால் நல்லது. பேரப் பிள்ளைக்குத்தான்.

சனிக்கிழமை வகுப்பை இப்போது ஆண்களும் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கலாம் என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. தலைவர் என்ற முறையில் நானும் போகிறேன். பின்னால் இடம் கிடைப்பதில்லை, ஹாஜராவின் வீட்டுக்காரர் யாசீன் முன்கூட்டியே வந்துவிடுகிறார். எனக்குக் கிடைத்திருக்கும் இடம் ஏர்கோனுக்கு நேர் கீழே.

ஏர்கோனைப் பழுது பார்த்தாயிற்று. இதுவரை ஒழுகவில்லை. ஒழுகினால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும்.

அன்புடன்,
சாச்சா தாஜுதீன்